மண்டபத்தை ரத்து செய்தவள்

வீரபாண்டி,
24-1-1993

சிரஞ்சீவி தங்கை பொன்னாத்தாளுக்கு அண்ணன் கிட்டுசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி, உன் நங்கை சென்னம்மாளும் குழந்தையும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நல்ல சேதி சொல்கிறேன் கேள். உன் கல்யாணத்துக்கு உடுமலையில் மண்டபம் பிடித்துவிட்டேன். மே மாதம் 30, ஞாயிற்றுக்கிழமை. நாம் நிச்சயம் செய்த அதே முகூர்த்தம். பெரிய மண்டபம். முன்னால் இருபது கார் நிற்கும். மேலே ஏழு ரூம். அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவள் பெயரில்தான் ரசீது இருக்க வேண்டும் என்று அம்மா பெயரில் போட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

மேளம், பந்தல், சமையல் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து. எனக்குப் பனியன் தைக்க ஜாப் ஒர்க் கொடுக்கும் மூன்று கம்பெனி முதலாளிகளையும் குடும்பத்தோடு கூப்பிடப் போகிறேன். இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. மாப்பிள்ளை ஆத்தப்பன் வீட்டார் அசந்துபோக வேண்டும். பல்லடத்தில் தறி பிட்டர் வேலை பார்க்கிற பையனுக்கு இப்படி ஒரு சம்பந்தமா என்று நாலு பேர் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே. அண்ணன் இருக்கிறேன்.

கிட்டுசாமி

---

கணியூர்,
2-2-1993

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பொன்னாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு வலி பரவாயில்லை. ரசீது கிடைத்தது.

பணத்தைப் பற்றி யோசிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். உங்கள் ஷெட்டில் ஆறு மிஷின். தீபாவளி சமயத்தில் கூலி கொடுக்க நீங்கள் பட்ட பாட்டை நான் அங்கே இருந்து பார்த்தேன். நாலு மாதத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு போடும் பணம் எங்கிருந்து வருகிறது? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

எங்களிடம் என்ன இருக்கிறது என்று நான் சொல்லிவிடுகிறேன். பால்வாடிச் சம்பளத்தில் ஐந்து வருஷமாகப் போட்ட போஸ்ட் ஆபீஸ் பணம் இருக்கிறது. அம்மா ஒரு மாட்டை விற்கிறேன் என்கிறாள். தாலிக்கும் சேலைக்கும், நூற்றைம்பது பேருக்கு வயிறாரச் சாப்பாடு போடவும் இது போதும். நம் ஊர் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, வாசலில் பந்தல் போட்டால் கல்யாணம் முடிந்தது. உங்களால் கையிலிருந்து என்ன முடியுமோ அதைச் செய்யுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். வட்டிக்கு வாங்கிச் செய்யாதீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பொன்னாத்தாள்

---

வீரபாண்டி,
10-2-1993

பொன்னாத்தாளுக்கு,

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெலிவரி சலானின் பின்பக்கம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அம்மிணி, உனக்கு டவுன் வியாபாரம் தெரியாது. இங்கே ஒருத்தன் எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவன் பேங்க் புக்கை வாங்கிப் பார்த்தா முடிவு செய்கிறார்கள்? அவன் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். போன வருஷம் என்னைப் போலவே ஜாப் ஒர்க் செய்த ஒருவன் தங்கைக்கு அவிநாசி ரோட்டில் மண்டபம் எடுத்துச் செய்தான். அடுத்த மாதமே எக்ஸ்போர்ட் ஆர்டர் அவன் ஷெட்டுக்குப் போனது. எனக்கு இன்னமும் உள்ளூர்ப் பனியன்தான் வருகிறது. கோயிலில் தாலி, வாசலில் பந்தல் என்றால் எந்த முதலாளி கணியூருக்கு வருவான்? கிட்டுசாமி நொடித்துப் போய்விட்டான் என்று பேசுவார்கள்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா சாகும்போது உன் படிப்புக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தில்தான் என் முதல் ஓவர்லாக் மிஷினை வாங்கினேன். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தவளைப் பால்வாடிக்கு அனுப்பினேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். இப்போது ஊரே பார்க்கிற மாதிரி ஒரு கல்யாணம் செய்துவைக்கிறேன் என்றால் அதையும் வேண்டாம் என்கிறாய்.

கல்யாணப் பெண் சேலை நிறம் என்ன என்று யோசிக்க வேண்டும். கணக்குக் கேட்கக் கூடாது. பேசாமல் இரு.

கிட்டுசாமி

---

கணியூர்,
3-3-1993

அண்ணனுக்கு,

நங்கை குழந்தையோடு நம் கோயில் நோம்பிக்கு வந்துவிட்டுப் போனார். நான் விடாமல் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அது எனக்குத் தெரிந்துவிடும்.

ஆறு மிஷினையும் பைனான்ஸ்காரர் பெயருக்கு எழுதிக்கொடுத்து அறுபதாயிரம் வாங்கப் போகிறீர்கள். இரண்டு தவணை தவறினால் ஷெட்டுக்குப் பூட்டு. அந்த ஷெட்டில் உங்களோடு சேர்த்துப் பதினோரு பேர் சாப்பிடுகிறார்கள். மருதாள் மூன்று பிள்ளைகளை அந்தக் கூலியில் வளர்க்கிறாள். என் ஒரு நாள் கூத்துக்கு அவர்கள் தலையை ஏன் அடமானம் வைக்கிறீர்கள்?

படிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் கோபம் இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தது. இப்போதும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி நர்ஸ் உடுப்பில் பஸ் ஏறுவதைப் பார்க்கிற அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த மிஷினால்தான் நாம் பிழைத்தோம், அதுவும் எனக்குத் தெரியும். என் படிப்பை விழுங்கிய மிஷினை இப்போது என் கல்யாணத்துக்கு விழுங்கக் கொடுக்கிறீர்களே, அப்புறம் எனக்கு மிஞ்சுவது என்ன? இரண்டாயிரம் பேருக்கு இலை போட்டு என் கோபத்தைத் தீர்க்க முடியாது அண்ணா.

இன்னொன்றும் செய்தேன். வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பல்லடம் போய் எனக்கு நிச்சயம் செய்தவரைப் பார்த்தேன். தறிக்குடோன் வாசலில் நின்று கூப்பிட்டால் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு ஆள் போய்த் தோளைத் தட்டிச் சொன்ன பிறகு கையில் கிரீஸோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்றார் பயந்துபோய்.

"நல்லா இருக்கறாங்க. ஒண்ணு கேக்கோணும். மண்டபம் நீங்க கேட்டீங்களா?"

"இல்லீங்களே! உங்கண்ணன்தான் சொன்னாருங்க. அம்மா சந்தோசப்பட்டாங்க. நாங்களா எதும் கேக்கலீங்க."

"கடன் வாங்கித்தான் நடத்தறாரு. வேண்டாம்னு நிறுத்துனா உங்களுக்குக் கொறச்சலா இருக்குமா?"

அவர் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க அக்காளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசமாச்சுங்க. அந்தக் கடனுக்கு மாசாமாசம் வட்டி கட்டறது நான்தானுங்க. அக்கா பையனுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தியாச்சு. கடன் அப்படியே நிக்குது. வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரலீங்க. நீங்க சொல்லிட்டீங்க."

நிச்சயத்தன்று அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பதினைந்தாம் தேதிக்குள் மண்டபத்தை நீங்கள் விடுங்கள். இல்லையென்றால் நான் விடுவேன்.

பொன்னாத்தாள்

---

வீரபாண்டி,
9-3-1993

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு தறிக்குடோன் வாசலில் போய் நின்றிருக்கிறாய். அங்கே வேலை செய்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அப்பா இருந்திருந்தால் உன்னால் இப்படிப் போயிருக்க முடியுமா? நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

நீ ஒன்றையும் விட வேண்டாம். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பைனான்ஸில் கையெழுத்துப் போடுகிறேன். பத்திரிகை ஆயிரம் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. நங்கையிடம் நான் பேசுவதில்லை. அவளும் என்னிடம் பேசுவதில்லை. உனக்குத் திருப்திதானே?

கிட்டுசாமி

---

கணியூர்,
15-3-1993

அண்ணனுக்கு,

இன்று காலை நானும் அம்மாவும் உடுமலை போய் மண்டபத்தை ரத்து செய்துவிட்டு வந்தோம்.

என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். மேனேஜர் ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"யாரு ஊட்டுக் கல்யாணமுங்க?"

"என்னோடதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் நின்னு போச்சுங்களா?" என்று கேட்டார்.

"கல்யாணம் நடக்குதுங்க. மண்டபந்தான் வேண்டாம்."

"இருபத்திரண்டு வருசமா இந்தச் சேர்ல உக்காந்திருக்கறனுங்க. பொண்ணே வந்து கேன்சல் பண்ணி நான் பாத்ததில்லை. ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ரசீது எம்பேர்லதான சாமி இருக்குது? மை டப்பாவை இப்படி நவுத்துங்க" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அம்மா அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் மட்டும் பார்த்திருந்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்காது.

அட்வான்ஸில் பாதிதான் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பாதி என்னால் உங்களுக்கு நஷ்டம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிடைத்ததை உங்களுக்கு மணியார்டர் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள். ஆனால் அந்தப் பணத்தைச் செலவு செய்ய உங்களிடம் கல்யாணம் இல்லை.

பொன்னாத்தாள்

---

வீரபாண்டி,
20-3-1993

மணியார்டரை வாங்காமல் திருப்பிவிட்டேன். இனி எனக்குத் தங்கை இல்லை. உன் கல்யாணத்தை நீயே நடத்திக்கொள்.

கிட்டுசாமி

---

கணியூர்,
12-5-1993

அண்ணனுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்று ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டேன். இது பதில் இல்லை. கல்யாண அழைப்பு.

மே 30 ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் மாரியம்மன் கோயிலில் முகூர்த்தம். பத்திரிகை அச்சடிக்கவில்லை. போஸ்ட் கார்டில் நானே எழுதினேன். நூற்று முப்பது கார்டு. கை வீங்கிவிட்டது. உங்களுக்கு மட்டும் கவரில் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா தெய்வாத்தாள் மண்டபம் இல்லை என்று கேட்டதும் மூன்று நாள் மகனோடு பேசவில்லையாம். நாலாம் நாள் தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்தார். நான் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் மிஷினை எழுதிக்கொடுக்க இருந்தது உட்பட. கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கையால் அளந்து பார்த்தார். "அப்பப் பந்தல் நல்லாப் பெருசாப் போடோணும் கண்ணு. எங்க சனம் வெயில்ல நிக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். போகும்போது, தன் மகள் கல்யாணத்தில் வாங்கிய பித்தளை அண்டா நாலு சும்மா கிடக்கிறது, சமையலுக்கு வாடகைக்கு எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கு அரிசி, காய், தேங்காய் எல்லாம் நம் தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு பங்கு போடுகிறார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போய்ச் செய்ய வேண்டியது. அந்தக் கடன் எனக்குச் சம்மதம். அதற்கு வட்டி இல்லை.

உங்கள் ஷெட்டில் வேலை செய்கிற பத்துப் பேருக்கும் தனித்தனியாகக் கார்டு போட்டிருக்கிறேன். முதலாளிக்குத் தெரியாமல் கூப்பிட்டதாக இருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் அண்ணன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர் இருக்கிறது. உங்களுக்கு அந்த இடம். நீங்கள் வரவில்லை என்றால் பங்காளி வீட்டு ஆண்கள் யாரையும் நிறுத்தமாட்டேன். நங்கைதான் நிற்பார். பெண் நிற்கலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இடத்தைக் காலியாக விட்டவர் என் அண்ணன், அவரில் பாதியாக இருப்பவர் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும்.

பொன்னாத்தாள்

---

வீரபாண்டி,
6-6-1993

பொன்னாத்தாளுக்கு,

நீ செய்தது சரி என்று நான் எழுதமாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "வர்றீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் போன பத்தாவது நிமிஷம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பல்லடம் வரை வந்தேன். அங்கே ஒரு கல்யாண வேன் நின்றிருந்தது. ரேடியோவும் சீரியல் லைட்டும் வைத்துப் பெரிய ஆர்ப்பாட்டம். அதைப் பார்த்ததும் நம் வீட்டுக்கு இதெல்லாம் இல்லையே என்று என்னமோ ஆகிவிட்டது. இறங்கிவிட்டேன். ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார முடியாமல் ஷெட்டைத் திறந்தால் ஒரு ஈ காக்காய் இல்லை. திங்கட்கிழமை டெலிவரி இருந்தது, ஞாயிறு அரை நாள் வரச் சொல்லியிருந்தேன். பத்துப் பேரும் கணியூரில். ஒரு கல்யாணத்துக்காக என் ஷெட்டையே காலி செய்துவிட்டாய். நானே நங்கையின் மிஷினில் உட்கார்ந்து ஓட்டினேன். நூல் அறுந்து அறுந்து போனது.

பத்து மணிக்குப் பீஸ் கேட்டுக் கம்பெனி முதலாளி காரில் வந்துவிட்டார்.

"என்ன கிட்டுசாமி, தனியாளா ஓட்டற? லேபர் எங்க?"

"தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்காங்க."

"யாரு தங்கச்சிக்கு?"

"என் தங்கச்சிக்குத்தானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி கல்யாணத்துக்கு நீ போகல, லேபர் போயிருக்குது. எந்த மண்டபம்?"

"மண்டபம் இல்லீங்க, கோயில்ல."

அவர் சிரித்தார். "பரவால்ல, நல்லாத்தான் செலவ மிச்சம் பண்ணிட்ட."

அம்மிணி, மூன்று மாதமாக நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அதே சிரிப்பு. கேட்டதும் உடம்பு எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வேறு என்னமோ வருகிறது. "மிச்சம் பண்ணுனது நானில்லீங்க. நான் இந்த மிஷினெல்லாம் எழுதிக் குடுக்கறதா இருந்தேன். கடன்ல நடக்கற கல்யாணத்துல உக்காரமாட்டேன்னு எந்தங்கச்சி போயி மண்டபத்தையே கேன்சல் பண்ணிட்டா. அவ அப்படிச் சொன்னதுனாலதான் இன்னிக்கு உங்க பீஸைத் தைக்க மிஷின் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.  அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆர்டர் கொடுப்பாரோ மாட்டாரோ தெரியவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும்.

பைனான்ஸில் நான் கையெழுத்துப் போடவில்லை. மண்டபமே இல்லாமல் கல்யாணக் கடன் என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நங்கை வந்ததிலிருந்து கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறாள். வேண்டுமென்றால் உங்கள் தங்கையிடமே கேளுங்கள் என்கிறாள். கேட்கிறேன். சாப்பாடு பத்தியதா? மாப்பிள்ளை வீட்டார் யாராவது முகம் சுளித்தார்களா?

கிட்டுசாமி

---

பல்லடம்,
13-6-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பாடு பத்தியது. கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் தீர்ந்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவர் சித்தப்பா ஒருவர் சுளித்தார். தெய்வாத்தாள் அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் அவர் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

நங்கை சொல்லாததை நான் சொல்கிறேன். சீருக்குக் கூப்பிட்டபோது அவர் முன்னால் வந்து நின்றார். "பொம்பள நிக்கற எடமா இது?" என்று நம் பங்காளிப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். மேளம் நின்றுவிட்டது. எனக்கு வாய் வரவில்லை அண்ணா. இத்தனை நாள் எல்லோரிடமும் பேசினவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. நங்கைதான் பேசினார். "அவரு ஷெட்டுல பாதி மிஷின ஓட்டறது நான்தானுங்க. எனக்கு நிக்கத் தெரியும்" என்றார். பின்னால் இருந்து மருதாள் சிரித்தாள். பிறகு உங்கள் ஷெட் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேளக்காரர் தானாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.  சீர் முடிகிறவரை நங்கை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நான் வாசல் பக்கம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தாலி ஏறுகிற வரை பார்த்தேன். நீங்கள் வராதது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. அதற்காக மண்டபத்தை விட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இரண்டும் உண்மை.

நீங்கள் முதலாளியிடம் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தன் அக்காவுக்காக வாங்கிய கடனை முடிக்க இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்தால் ஒன்றரை வருஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நான் இங்கே பால்வாடிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு வீரபாண்டிக்கு விருந்துக்கு வருகிறோம். நீங்கள் கூப்பிடவில்லை, நாங்களே வருகிறோம். நங்கை வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சமைத்தால் போதும். ஊரைக் கூட்டி ஏதாவது ஏற்பாடு செய்தீர்கள் என்றால் தெருமுனையிலேயே திரும்பிவிடுவேன், என்னைத் தெரியுமல்லவா?

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகிறது, அவர் முன்னால் நான் இன்னும் அழுததில்லை.

தங்கை
பொன்னாத்தாள்